முப்பத்தெட்டாவது கேசட்

கல்யாண மண்டபத்தில் யாருக்கும் பிடிக்காத ஆள் என்று ஒருவன் உண்டென்றால் அது வீடியோவுக்கு லைட் பிடிக்கிறவன்தான். மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டால் லைட்காரன் காரணம். பெண் கண்ணை மூடிக்கொண்டால் லைட்காரன் காரணம். தாலி கட்டும் நேரத்தில் ஃபியூஸ் போனால் கேட்கவே வேண்டாம், நாதஸ்வரக்காரர் வரைக்கும் திரும்பிப் பார்த்து முறைப்பார். ஆயிரம் வாட் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயரை மிதிக்கிற பெரியம்மாக்களைக் கெஞ்சிக்கொண்டு, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பல வருஷம் இதுதான் என் பிழைப்பு. பெயர் சவரிமுத்து. அதற்கு முன்னால் ஒரு டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன். டாக்கீஸை இடித்து மண்டபம் கட்டினார்கள். நான் நின்ற இடம் மாறவில்லை, வேலைதான் மாறியது.

இப்போது சொல்லப்போவது தொண்ணூற்று நாலாம் வருஷம் நடந்தது. வெளியே சொன்னதில்லை. சொன்னால், லைட் சூட்டில் சவரிமுத்துவுக்கு மூளை உருகிவிட்டது என்பார்கள். உருகியிருந்தாலும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதான்.

என் முதலாளி தவமணிக்கு அப்போது வயது முப்பத்துமூன்று. என்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவன், அதனால் முதலாளியானாலும் எனக்குத் தம்பி. கடைத்தெருவில் ஒரு மாடியில் 'தவமணி வீடியோ விஷன்' என்று ஸ்டூடியோ வைத்திருந்தான். ஆப்பிளுக்குள் மணப்பெண்ணின் முகம், ரோஜா விரிந்தால் மாப்பிள்ளை, மேகத்தின் மேல் இரண்டு பேரும் மிதப்பது, இதிலெல்லாம் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கேமரா தோளில் ஏறிவிட்டால் 'அக்கா இங்கிட்டுப் பாருங்க, சித்தப்பா கொஞ்சம் சிரிங்க' என்று மண்டபத்தையே ஆட்டிவைப்பான். இறக்கி வைத்துவிட்டால் வாயில் கொழுக்கட்டை. அப்படி ஒரு கூச்சம். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்தை எடுத்தவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று அவன் அம்மா ராக்கம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துவார்.

தை மாதம், வத்தலக்குண்டில் ஒரு முகூர்த்தம். தவமணி பட்டனை அழுத்திப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவதை எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்க எடுக்க கேமரா ஆடியது. பார்த்தால் பின்னால் ஒருவன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முப்பது வயது இருக்கும். சஃபாரி சூட், நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. முகூர்த்தமே இன்னும் ஆகவில்லை, இவனுக்கு யார் அதற்குள் தாம்பூலம் கொடுத்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

தோளிலிருந்து கையை எடுக்கச் சொன்னான் தவமணி. அதற்கு அந்த ஆள் சிரித்த முகத்தோடு, "வாங்க வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றான்.

வேலையில் இருக்கிறேன் என்றான் தவமணி. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்றான் அவன். சண்டை போடுவதற்காகத் தவமணி பட்டனை அழுத்திப் படப்பிடிப்பை நிறுத்தினான். ஆளைக் காணவில்லை. நடந்து போகவில்லை, ஓடவில்லை, இருந்தான், இல்லை. மறுபடி பட்டனை அழுத்தினான். அதே இடத்தில், அதே சிரிப்போடு, "ஏற்பாட்டுல ஏதாவது குறை இருந்தா மனசுல வச்சுக்காதீங்க," என்று பாதிப் பேச்சில் இருந்தான். நான் மாதாவே என்று விளக்கை ஆட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைத் திட்டினார்.

தவமணி அன்றைக்குப் பத்துத் தடவையாவது பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்திருப்பான். அமுக்கினால் வந்தான், விட்டால் போனான். மண்டபத்தில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கேமரா ஓடும்போது ஜனங்கள் கேமராவைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் தலைமுடியைச் சரிசெய்வார்கள். கேமராக்காரனுக்குப் பின்னால் நிற்பவனை யார் பார்ப்பது? பார்த்த ஒன்றிரண்டு பேரில் பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் நிலக்கோட்டையிலும் வந்தான். இந்தத் தடவை தவமணி உஷார். பந்தியை எடுக்கிறேன் என்று சொல்லி, நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் கேமராவை ஓடவிட்டு, கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே யார் நீ என்று விசாரித்தான்.

"என் பேர் எழினி. ஊர் நிலா," என்றான் அவன்.

"மேல இருக்கே, அதா?"

"அதேதான். அங்கே இப்போ ரெண்டாயிரத்து இருநூத்துப் பத்தொன்பதாம் வருஷம். பூமியில தோண்டுறதுக்கு மெஷின் அனுப்புவோம். ஒரு இடிஞ்ச கட்டடத்துக்கு அடியில ஒரு தகரப் பெட்டி கெடைச்சுது. உள்ளே முப்பத்தெட்டு கேசட். எல்லாம் நீங்க எடுத்தது. கண்டுபிடிச்சவனுக்குத்தான் உரிமைங்கிறது எங்க சட்டம், அதனால எனக்குக் கொடுத்திருக்காங்க. கேசட்டை ஓட்டினா நான் இங்கே வந்துடுவேன். நீங்க பதிவு பண்ணின நேரம் மட்டும்தான் எனக்கு வழி. நிறுத்தினா வழி அடைச்சிடும்."

ஒரு கேசட்டை ஒரு தடவைதான் ஓட்ட முடியுமாம். முன்கூட்டிப் பார்த்துவைத்துக்கொள்ளவும் முடியாது, ஓட்டினாலே ஆள் இங்கே வந்து நிற்பான். படத்தில் மட்டும் விழக்கூடாது, விழுந்தால் வேலை போய்விடும். அதனால் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தோளைப் பிடிப்பதற்கும் காரணம் சொன்னான். நிலாவில் வளர்ந்த உடம்புக்குப் பூமியில் நிற்பது, தன்மேல் இன்னும் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். அந்தக் காலத்து ஜனங்கள் எப்படிச் சிரித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்து எழுதுவது அவன் உத்தியோகம். வேறு ஊர்க் கேசட்டுகள் வழியாக இவனுக்கு முன்னால் வந்துபோன ஆட்களும் கல்யாணத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிவைத்த புத்தகத்தில்தான் இவன் தமிழ் பேசக் கற்றுக்கொண்டான். ஆகவே விருந்தாளியை வரவேற்க, இலையில் உட்காரவைக்க, வழியனுப்ப, இதற்கெல்லாம் வாய் நிறைய வார்த்தை இருந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டுத் தவமணி அன்று மாலையே ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்தான். முன்னெல்லாம் அசல் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போடுவான். அன்றிலிருந்து அழிப்பதில்லை. வத்தலக்குண்டும் நிலக்கோட்டையும் முதலில் பெட்டிக்குள் போயின.

அதற்கப்புறம் எங்கள் கேசட்டுகள் நீள ஆரம்பித்தன. பந்தி மட்டும் ஒன்றரை மணி நேரம். எங்க பெரியப்பா மூணு தடவை ரசம் வாங்கினதை எதுக்குங்க முழுசா எடுத்திருக்கீங்க என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். செருப்பு விடுகிற இடத்தை இருபது நிமிஷம் எடுத்ததற்கு நான் ஒரு கதை கட்டிச் சொல்லிச் சமாளித்தேன். தவமணியின் ஒரு கண் வ்யூஃபைண்டரில், காது பின்னால். என் கையோ விளக்கோடு மேலே. கைவலி யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் அப்படி என்னதான் பேசினார்கள் என்றால், ஒன்றுமில்லை. நிலாவில் மழை கிடையாது என்பான் எழினி. இங்கே மட்டும் என்ன வாழுகிறது என்பான் தவமணி. நாள் போகப் போக எழினியின் தமிழ் தவமணியின் தமிழ் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. 'தவமணி அவர்களே' என்று ஆரம்பித்தவன் சித்திரையில் 'தவம்' என்றான். கேமரா இல்லாமலே தவமணி என்னிடம் முழு வாக்கியம் பேச ஆரம்பித்தான். பாட்டு வேறு முணுமுணுத்தான். இவனுக்கு என்ன ஆச்சு என்று என் சம்சாரம் ஆரோக்கியமேரியிடம் கேட்டேன். அவள் உளுந்து களைந்துகொண்டே, "அது காதலுங்க. இது தெரியலையா?" என்றாள். ஆம்பளையும் ஆம்பளையுமாடி என்றேன். ஒருத்தர் நிலாவிலிருந்து வருகிறார் என்பதை ஒத்துக்கொண்டீர்கள், இது மட்டும் தொண்டையில் சிக்குகிறதா என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஊரில் புதுசாகக் கல்யாணம் ஆன பெண்களெல்லாம் தாய் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளைகள் பேயறைந்த மாதிரி திரிவார்களே, அந்தக் கூட்டத்தில் எங்கள் தவமணியும் ஒருவன். வெறுமனே தெருவை எடுத்துப் பார்த்தான், எழினி வரவில்லை. எழினிக்குக் கிடைத்த பெட்டியில் இருந்த கேசட்டுகள் எல்லாம் கல்யாணக் கேசட்டுகள்தான், இது அதில் சேரவில்லை போலும் என்றேன். என்மேல் எரிந்து விழுந்தான்.

ஆவணி முதல் முகூர்த்தம் நத்தத்தில். பட்டனை அழுத்தியதும் தோளில் கை விழுந்தது. தவமணி திரும்பவில்லை, திரும்ப முடியாது. மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டே, "முப்பத்திரண்டு நாள்," என்றான்.

எழினிக்கு அது நேற்று. நேற்று ஒரு கேசட் ஓட்டினான், இன்று அடுத்தது. தவமணியின் கழுத்து நரம்பைப் பார்த்து அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்ன சொல்வது என்று தேடியிருக்கிறான். அவசரத்துக்கு அந்தப் பழைய புத்தகத் தமிழ்தான் வாயில் வந்தது.

"பையனை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான். "எங்க பக்கம் பரிபூரண சம்மதம்."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்கின் சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

இங்கே ராக்கம்மாள் சும்மா இருப்பாரா? பையன் பாட்டு முணுமுணுப்பதைப் பார்த்து, இதுதான் சமயம் என்று வேடசந்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். திலகவதி என்று பெயர், தையல் பள்ளிக்கூடம் நடத்துகிற பெண். ஜாதகம் பொருந்தி, கார்த்திகைக் கடைசியில் பூ வைப்பது என்று பேச்சு. தவமணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கேமரா கையில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள், அவன் என்ன செய்வான்.

முப்பத்தைந்தாவது கேசட் ஒட்டன்சத்திரத்தில் ஓடியது. எழினி வந்ததிலிருந்து பேசவில்லை. தாலி எடுத்துக்கொடுக்கிற நேரத்தில் வாயைத் திறந்தான். ஆரம்பத்திலிருந்தே அவனுக்குத் தெரிந்த ஒன்றை மறைத்துவைத்திருந்தான். பெட்டியில் கடைசியாக இருந்த முப்பத்தெட்டாவது கேசட்டின் மேல் தவமணியின் கையெழுத்தில் 'தவமணி கல்யாணம்' என்று எழுதியிருக்கிறது. நூற்றெண்பது நிமிஷம். அதற்கப்புறம் கேசட்டே இல்லை. கல்யாணம் ஆனதும் நீங்கள் தொழிலை விட்டுவிட்டதாக எங்கள் ஆட்கள் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள் என்றான்.

"அப்ப நான் இந்தக் கல்யாணத்தைப் பண்ணலேன்னா?"

"அந்தக் கேசட்டே இருக்காது தவம். முப்பத்தேழோட முடிஞ்சிரும்."

"பண்ணினா?"

"கடைசித் தடவையா நான் வருவேன். ஆனா உங்க பின்னாடி நிக்க முடியாது. நீங்க கேமராவுக்கு முன்னாடி இருப்பீங்க."

தவமணி திரும்பிவிட்டான். கேமராவும் கூடவே திரும்பி மேலே போய்விட்டது. கெட்டிமேளம் முழங்கி, அட்சதை விழுந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மூன்று முடிச்சும் விழுந்த நேரம் முழுக்க எங்கள் கேமரா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் கொடுத்த கேசட்டில், மேளம் முழங்க, மின்விசிறி சுற்ற, அதன்மேல் ரோஜா ரோஜாவாக விழும். இன்னொரு தடவை கட்டச் சொல்லலாமா என்று பெண்ணின் அப்பா ஐயரிடம் கேட்க, அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இரண்டு நாள் தவமணி ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு வேடசந்தூருக்குப் பஸ் ஏறினான். தையல் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. திலகவதி வெளியே வந்தார். தவமணி கேமரா இல்லாமல், என் மேலும் சாயாமல், உங்களைக் கட்டிக்கொள்ள என்னால் முடியாது, மனதில் வேறொருவர் இருக்கிறார் என்று சொன்னான். பத்து மாதத்துக்கு முன்னால் அவனால் இது நடக்கிற காரியமா?

அந்தப் பெண் அழவில்லை. "உங்கம்மா வந்து பாத்துட்டுப் போயி ரெண்டரை மாசமாச்சு," என்றார். "கோயமுத்தூர்ல எனக்கு ஒரு வேலை வந்துச்சு. கல்யாணம் ஆகப்போகுதேன்னு வேணாம்னு எழுதிட்டேன். உங்களுக்குத் தைரியம் வர்ற வரைக்கும் நான் இங்க காத்துக்கிட்டு நின்னிருக்கேன், எனக்கே தெரியாம." பிறகு, சொல்ல வந்ததற்காவது நன்றி என்று உள்ளே போய்விட்டார். மெஷின்கள் மறுபடி ஓடின. தவமணி பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் தலை குனிந்தே வந்தான். நானும் ஆறுதல் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதானே. ராக்கம்மாள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான், தட்டை மட்டும் டங்கென்று வைப்பார்.

முப்பத்தாறு, முப்பத்தேழு கேசட்டுகள் வழக்கம்போல ஊரார் கல்யாணங்களுக்குப் போயின. தவமணி எழினியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகைக் கடைசி நாள் மத்தியானம் என்னை ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னான். பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போடுகிற நீர்வீழ்ச்சிப் படுதாவைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தான். மேஜையில் இரண்டு மாலை. கையில் ஒரு புதுக் கேசட். அதில் ஏற்கெனவே 'தவமணி கல்யாணம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"மேல என்ன எழுதியிருக்குன்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்," என்றான். "உள்ள என்ன இருக்கணும்னு நாமதானண்ணே முடிவு பண்ணணும்?"

கேமராவை ஸ்டூலில் வைத்து, என்னை அதன் பின்னால் உட்காரவைத்தான். என் வாழ்நாளில் முதல்முறையாக லைட்டை விட்டுவிட்டு கேமராவைத் தொட்டேன். பட்டனை அழுத்தினேன்.

எழினி வந்து நின்றான். என் பின்னால்தான் வந்தான், முறைப்படி. கல்யாணக் கூட்டம் எங்கே என்று தேடினான். நாற்காலியில் தவமணி மட்டும் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தான். பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நிதானமாக நேருக்கு நேர் பார்த்தார்கள். அதுவரை எழினிக்குத் தெரிந்தது தவமணியின் கழுத்து, தவமணிக்குத் தெரிந்தது தோளில் ஒரு கை, அவ்வளவுதான்.

"முன்னாடி வா," என்றான் தவமணி.

"படத்துல விழுந்தா வேலை போயிரும்."

"போகட்டும்."

எழினி தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். பிறகு ஸ்டூலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக நடந்து போய் மற்ற நாற்காலியில் உட்கார்ந்தான். நான் வ்யூஃபைண்டரில் பார்த்தேன். இரண்டு பேரும் படத்துக்குள் இருந்தார்கள். மாலையை மாற்றிக்கொண்டார்கள். கெட்டிமேளம் இல்லை, நான்தான் கைதட்டினேன். ஆயிரம் கல்யாணத்துக்கு லைட் பிடித்தவன் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமான இரண்டு முகங்களை நான் ஒரு மணவறையிலும் பார்த்ததில்லை.

அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு. இரண்டரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை. ஆரோக்கியமேரி கட்டிக்கொடுத்த சாப்பாடு ஞாபகம் வந்து எனக்குத்தான் பதறியது. இலை போட்டுக்கொண்டார்கள். சாம்பார் முடிந்து, ஃபிளாஸ்கில் சுடச்சுட இருந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்தபோது எழினி கையை நிறுத்தினான். இதோடு முடிந்தது என்றான். தவமணியும் சாப்பிடவில்லை. தொழிலை நான் எதுக்கு விடப்போறேன், உனக்காகவே எடுப்பேனே, அப்புறமும் ஏன் கேசட் இல்லை, நான் செத்துகித்துப் போயிடறேனா என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

எனக்கு அழுகை பார்க்கப் பிடிக்காது. பக்கத்தில் திறந்து கிடந்த தகரப் பெட்டியைப் பார்த்தேன். வரிசையாக முப்பத்தேழு கேசட். ஓரத்தில் ஒரே ஒரு கேசட்டுக்குச் சந்து. பார்த்தேன், மறுபடி பார்த்தேன்.

"தம்பி," என்றேன். "நீ சாகவெல்லாம் இல்ல. பெட்டி ரொம்பிருச்சு."

நிலாவில் எத்தனை படித்த மண்டைகள் உட்கார்ந்து குறிப்பு எழுதினார்களோ தெரியாது, ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. முப்பத்தெட்டு கேசட் பிடிக்கிற பெட்டியில் முப்பத்தெட்டு கேசட் இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு பெட்டி இருந்தால் தீர்ந்தது. ஆனால் இந்தக் கட்டடத்துக்கடியில் அங்குலம் அங்குலமாகத் தோண்டிவிட்டோம், வேறு ஒன்றும் இல்லை என்றான் எழினி. கேமராவில் பார்த்தேன், கேசட்டில் இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி. பஸ் நகரும்போதுதான் ஜன்னல் வழியாக முக்கியமான விஷயத்தைக் கத்துவோம், அது நம் ஜனங்களின் வழக்கம். நானும் கத்தினேன்.

"என் வீட்டுக் கொல்லையில பொதைச்சு வைக்கிறோம். வந்து தோண்டுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சோடா கம்பெனி. அதுக்கு எதுத்தாப்புல செவப்பு கேட் போட்ட வீடு. அதை ஒட்டியே போனா மூணாவது வேப்பமரம், அதான் நம்ம வீடு. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

எழினி உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தான். தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். கேசட் முடிந்து கேமரா தானாக நின்றது. தவமணியின் கை காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அப்புறம்தான் எங்களுக்கே உறைத்தது. எழினி என் கொல்லையில் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிப்பானென்றால், அதற்குள் போகப்போகிற அடுத்த கேசட்டைப் போட்டு அழுத்தின நொடியே இங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. தவமணி புதுக் கேசட்டின் உறையைப் பல்லால் கிழித்தான். கேமராவுக்குள் தள்ளினான். அவனால் அழுத்த முடியவில்லை, என்னை அழுத்தச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினேன்.

யாரும் வரவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஆளைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. முகம் வெயிலில் கறுத்து, உள்ளங்கை மண்வெட்டி பிடித்துக் காய்த்திருந்தது. எதையும் பிடிக்காமல் நேராக நின்றான். என் வயது இருக்கும்.

அவன் தவமணியிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தான்.

"யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்கன்னு சொன்னீங்கண்ணே."

நான் அவன் உள்ளங்கையைப் பார்த்தேன்.

"இருபத்தியோரு வருஷம். கேக்கறதுக்கு அங்க ஆளே இல்ல."

படத்தில் விழுந்ததற்காக மறுநாளே வேலை போயிருக்கிறது. தோண்டுகிற மெஷினும் தரவில்லை. நிலாவை விட்டு இறங்கிவந்து, ஐந்து ஆள் பாரத்தோடு தனியாக மண்வெட்டி பிடித்திருக்கிறான். பஸ் ஸ்டாண்ட் என்று ஒன்று இருந்த சுவடே கிடையாதாம். ஒன்பதாம் வருஷம் மண்ணுக்குள் கைநிறையக் கோலிக்குண்டு கிடைத்து, இதுதான் சோடா கம்பெனி என்று கண்டுபிடித்தானாம். செவப்பு கேட் கடைசிவரை கிடைக்கவில்லை. வேப்பமரம் இருந்தது, மூன்று அல்ல, ஊரே வேப்பங்காடு. கதவு நம்பர் என்று ஒன்று உங்கள் வீட்டுக்கு இல்லையா அண்ணே என்று கேட்டான். இருந்தது. வீட்டு வாசலில் பெயிண்டில் எழுதியே இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, இத்தனை வயதில் ஒருவருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடு என்றேன். அவன் என் தோளைத் தட்டினான்.

தவமணி சுவரிலிருந்து திரும்பியிருந்தான். அந்த நரைத்த தலையைப் பார்த்தான். தவமணிக்கு ஆனது இரண்டு நிமிஷம். அவன் கழுத்து மாலை இன்னும் வாடவில்லை. ஓடிப்போய் அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். நான் கிழவனாயிட்டேன், உனக்குப் பரவாயில்லையா என்று எழினி கேட்டான். தவமணி தலையை மட்டும் ஆட்டினான்.

"பெட்டியில எத்தனை இருந்துச்சு?" என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்.

"எண்ணலை. கடைசி எதுன்னு தெரிஞ்சுக்க வேணாம்னு, வரிசையில முதல்ல இருந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டு மூடிட்டேன்."

பிறகு எழினி நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் விட்டுப்போன இலை அப்படியே இருந்தது. பிசைந்த ரசம் சோற்றில் கையை வைத்தவன் சட்டென்று நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தான். சோறு இன்னும் ஆறவில்லை. குனிந்து, மிச்சத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். தவமணி பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தேன்.